உப்புக் கரித்த முந்திரி ஒயின்

என் அக்கா புருஷன் அமிர்தலிங்கத்துக்குக் குடிகாரர்களைக் கண்டாலே ஆகாது. அவருடைய அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். பிணத்தை எடுப்பதற்குள்ளேயே, ஒரு சொட்டு என் நாக்கில் படாது என்று சத்தியம் செய்தார் மாமா. அப்படிப்பட்டவர்தான் ஒயின் போடக் கிளம்பினார். சைவக்காரன் கறிக்கடை வைத்த கதை.

செந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் எங்கு பார்த்தாலும் முந்திரிதான். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அப்படியே தரையில் போட்டுவிடுவோம். ஆடு தின்றது போக மீதி அழுகும். அதைப் பார்த்து வயிறு எரிந்தது மாமா ஒருவருக்குத்தான். எங்கோ போய்ப் பயிற்சி எடுத்தார். ஒன்றரை வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கினார். "ஒரு தடவயாச்சும் குடிச்சிருக்கீங்களா சார்?" என்று ஒரு அதிகாரி கேட்டாராம். இல்லை என்றதும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாராம்.

அதோடு விட்டாரா? பழத்தில் விஷம் இருக்கக் கூடாதென்று பதினெட்டு வீட்டுக்காரர்களிடம் பேசிப் பூச்சிமருந்தை நிறுத்த வைத்தார். அக்கா முகத்துக்காக நானும் தலையாட்டித் தொலைத்தேன். வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தோம். பூச்சி அதைக் குடித்துக் கொழுத்தது. இரண்டு வருடம் காய்ப்பு பாதியானது. மூன்றாம் வருடம்தான் மருந்துவாடை போன பழத்தில் முதல் ஒயின். அப்போது எல்லோரும் அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டோம்: "ஒயினு விலை போகலன்னா மறுபடி மருந்தடிக்கப் போயிடுவோம்."

பாண்டிச்சேரி ஓட்டல்காரர் வேல்முருகன் ஆடியில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். மாமா மூன்று வருடமாகக் கட்டிக் காத்த கூட்டம் நிற்பதும் கலைவதும் அந்த மனிதரின் நாக்கில் இருந்தது.

பதினெட்டு வீட்டுப் பெண்களும் அன்றன்று விழுந்த பழத்தைப் பொழுது ஏறுவதற்குள் கழுவிக் கொண்டுவந்தார்கள். மாமா பிழிந்தார். தொண்டை கமறாமலிருக்க அரிசிக் கஞ்சி ஊற்றித் தெளியவைத்துப் புளிக்கவிட்டார். ஆறு கேன் ஒயின், வெளிர் மஞ்சளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மாமா வாயில் வைக்க மாட்டார். மோந்து பார்ப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். சரி, என்னையாவது குடித்துப் பார்க்கச் சொல்லலாமே? பூட்டுப் போட்டு சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேல்முருகன் வந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணாடித் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உப்புக் கரிக்குதுங்களே."

"என் தப்புதாங்க," என்றார் மாமா. காரணம் அவருக்கே தெரியாது. கார் கிளம்பிப் போய்விட்டது.

ஒயின் போட்ட கொட்டகையில் பதினெட்டு வீட்டாரும் நின்றோம். கொட்டை பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருக்கும் முத்தாயிதான் முதலில் பேசினாள்.

"நாந்தான் தம்பி. உப்புத் தண்ணியில ஊறப்போட்டுத்தான் எடுத்தாந்தேன். உப்பில்லாம அந்தப் பழத்த யாரு வாயில வைப்பா?"

"நானும்தான்," என்றாள் செல்லக்கண்ணுவின் மனைவி. அடுத்தவள், அதற்கடுத்தவள். தனக்கு மட்டும்தான் உப்பு ஞாபகம் வந்தது என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள். என் மனைவி மேகலா என் பக்கமே திரும்பவில்லை. ஆக எங்கள் வீட்டு உப்பும் உள்ளே.

"நீ ஒரு வாய் குடிச்சுப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல?" என்றாள் முத்தாயி.

அவரிடம் அதைக் கேட்க இத்தனை வருடத்தில் ஒருத்தருக்கும் துணிச்சல் வந்ததில்லை. வேல்முருகன் வைத்துவிட்டுப் போன தம்ளரை மாமா எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டார், மிச்சத்தைக் குடித்தார். கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வாய்க்காது. ஆனால் பாழாய்ப்போன அழுகைதான் வந்தது.

"உப்புதான்," என்றார். "முத்தாயிக்கா, மருந்தடிக்கிறதுன்னா அடிச்சுக்குங்க. இனிமே தடுக்க மாட்டேன்."

"எதுக்கு அடிக்கணும்?" என்றாள் முத்தாயி. "அடுத்த வருசம் பச்சத் தண்ணியிலயே அலசிக் கொண்டாரோம். நீ குடிச்சுப் பாத்துச் சொல்லு, போதும்."