எஞ்சின் நின்ற மத்தியானம்

செஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து, என் சிவப்பு ஹேட்ச்பேக் காருக்கு நானே சத்தம் கூட்டும் புது சைலன்சர் மாட்டினேன். சாவியைத் திருகியதும் அடியிலிருந்து கனமான உறுமல் கிளம்பியது. இறங்கி நின்று கேட்டேன். அப்படியே நைனாவின் ஆயில் எஞ்சின் சத்தம். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். மலையடிவாரத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த எங்கள் கொல்லைக்கு அந்த எஞ்சின்தான் தண்ணீர் இறைத்தது. அதன் சத்தம் பாறையில் மோதி வீடு வரைக்கும் கேட்கும். அம்மா அதைக் கேட்டுக்கொண்டேதான் சமைப்பாள்.

ஒரு மத்தியானம் அது சட்டென்று நின்றது. பக்கத்துக் கொல்லைக்காரரின் வேட்டி எஞ்சின் பெல்ட்டில் சிக்கி, அதை இழுக்கப் போய் அவர் கை போனது அதற்கு முந்தின வாரம்தான். அம்மா உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

நைனா கிணற்றடியில் உட்கார்ந்து, முகமெல்லாம் கரியாக, புகைக்குழாயைக் கழற்றித் தட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவர் தோளில் ஓங்கி அடித்தாள்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி சொல்ல மாட்டியா?"

"இங்கேருந்து எப்டிடீ சொல்றது?" என்று சிரித்தவர், அவள் அழுவதைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்.

மறுநாளிலிருந்து, நிறுத்துவதற்கு முன் இரண்டு தடவை எஞ்சினை உறும விடுவார். அதைக் கேட்டதும் அம்மா அவருக்குச் சோறு எடுத்து வைப்பாள்.

நைனா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது தெருவே திரும்பிப் பார்க்கிறதே என்று கார் எஞ்சினை நிறுத்தப் போனேன். அம்மா வாசலுக்கு வந்திருந்தாள்.

"இன்னாம்மா, சத்தம் ஜாஸ்தியா இருக்குதா?"

"கொஞ்ச நேரம் ஓடட்டும்டா," என்று படியில் உட்கார்ந்தாள்.