சந்தனப் பொட்டுக்குக் கீழை

1. கல்லுப்பு

மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட ஒரு கண்ணாடிக் கடையிலை நான் வேலைக்குச் சேந்த முதல் நாள், முதலாளி ஒரு கதவுக் கண்ணாடியிலை ட்ரில்லை வைச்சார். பிடி பூட்ட ஒரு துளை வேணும், அவ்வளவுதான். ட்ரில் பட்டதுதான் தெரியும், கண்ணாடி இருந்த இடத்திலை கண்ணாடி இல்லை. நிலம் முழுக்கக் கல்லுப்புக் கொட்டின மாதிரிக் குறுணி. அந்த மனிசன் தலைமயிருக்குள்ளை கிடந்த குறுணியைத் தட்டிப்போட்டுச் சொன்னார்: "உதுதான் டெம்பர் கிளாஸ். சூடு காட்டி இறுக்கினது. வெட்டவும் ஏலாது, துளைக்கவும் ஏலாது. ஒரு இடத்திலை தொட்டால் முழுக்கப் போகும்."

அதுக்குப் பிறகு எத்தினையோ மீன்தொட்டி செய்தன், துளைச்சன். இப்ப தொழிலை விட்டிட்டன். சேட்டுப் பொக்கற்றிலை சுரண்டுற பிளேட் வைச்சிருக்கிற பழக்கம் மட்டும் போகேல்லை. புதுசாய்த் தொட்டி செய்யிற பிள்ளையள் வந்து, டெம்பரை எப்பிடி அண்ணை கண்டுபிடிக்கிறது எண்டு கேக்கினம். சொல்லித்தாறன். ஆனால் கண்டுபிடிச்சிட்டால் எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ. நான் கண்டுபிடிச்சனான். என்ன பிரயோசனம்?

2. குசினிப் பக்கம்

செல்வராணி அக்காவின்ரை வீடு இணுவில் பக்கம். என்னை விட நாலைஞ்சு வயசு மூப்பு. கட்டின மனிசன் எப்பவோ செத்துப்போனார். ஒரே மகன் சுதன். அவனும் முந்தின வருசம் பலாலி வீதியிலை மோட்டச்சைக்கிளிலை வரேக்கை லொறி அடிச்சுப் போயிட்டான். அவன் தன்ரை கையாலை செய்த மீன்தொட்டி ஒண்டும், அதுக்குள்ளை ஒரு ஒஸ்கார் மீனும்தான் மிச்சம். மீன் என்ரை உள்ளங்கையை விடப் பெரிசு. அக்கா விடிய எழும்பித் தேத்தண்ணியோடை போய்த் தொட்டிக்கு முன்னாலை இருப்பா. மீன் முகத்துக்கு நேரை வந்து நிக்கும். அவ அதோடை ஊர்ப் புதினம் எல்லாம் கதைப்பா. விசர் எண்டு நினைப்பியள் தம்பி, ஆனால் இந்த வீட்டிலை வேறை ஆர் எனக்கு முகம் தந்து நிக்கினம் எண்டு என்னட்டைக் கேட்டவ.

பிரச்சினை என்னெண்டால், அவவுக்கு நாரி நோ, இடுப்பு வளைக்க ஏலாது. டாக்குத்தர் வாளி தூக்கக்கூடாது எண்டிட்டார். அந்த மீனோ சரியான ஊத்தை மீன், தண்ணி மாத்தாட்டில் தாங்காது. தண்ணி மாத்த ஏலாதெண்டால் மீனை ஆருக்கும் குடுக்க வேணும். அக்கா அதுக்குச் சம்மதிக்கேல்லை. அப்ப சுவிஸிலை இருந்து லீவிலை வந்து நிண்ட அவவின்ரை தம்பி குணம் ஒரு வழி கண்டுபிடிச்சார். தொட்டிக்கு மேல்பக்கமாய் ஒரு துளை. அதாலை ஒரு பைப். ஒரு பக்கம் ஹோசாலை புதுத்தண்ணி மெல்லமாய் விழும், மற்றப் பக்கம் கூடின தண்ணி பைப்பாலை ஓடி, சமைக்கிற குசினிக்குப் பின்னாலை நிக்கிற வாழைக்குப் போகும். வாளியே தேவையில்லை. நல்ல யோசினைதான், நான் குறை சொல்லமாட்டன். துளை போட என்னைக் கூப்பிட்டினம்.

தொட்டி இருந்த இடம்தான் வில்லங்கம். ஆக்கள் வந்து இருக்கிற ஹோலுக்கும் குசினிக்கும் நடுச்சுவரிலை விட்ட இடைவெளிக்குள்ளை தொட்டி இறுக்கமாய் நிக்குது. ரெண்டு பக்கமும் சுவர். முன்பக்கம் ஹோலைப் பாத்தபடி, பின்பக்கம் குசினியைப் பாத்தபடி. ஹோலுக்குள்ளாலை பைப் ஓட விட ஆரும் விரும்பமாட்டினம். அப்ப துளை குசினிப் பக்கக் கண்ணாடியிலைதான்.

அந்தக் கண்ணாடியைக் கண்டதும் எனக்கு மனம் சரியில்லை. மற்ற மூண்டும் கையாலை வெட்டி அரத்தாள் போட்ட விளிம்பு. இது மட்டும் மினுமினுப்பாய் உருட்டின விளிம்பு, டெம்பருக்குப் பட்டறையிலை போடுற மாதிரி. எங்காலை எடுத்தது எண்டு அக்காவைக் கேட்டன். திருநெல்வேலியிலை ஒரு புடவைக்கடையைத் திருத்தேக்கை வெளியிலை எறிஞ்ச ஷோகேஸ் தட்டாம். அதின்ரை அளவுக்குத்தான் பொடியன் தொட்டியையே செய்தவனாம். வெட்டாமல் விட்டதாலை அவனுக்கு அது என்ன கண்ணாடி எண்டு தெரிய வழியில்லை. வெட்டப் பாத்திருந்தால் அண்டைக்கே தெரிஞ்சிருக்கும்.

டெம்பர் எண்டால் கனக்க நேரம் மூலையிலை ஒரு சின்ன முத்திரை பொறிச்சிருக்கும். பாப்பம் எண்டு குனிஞ்சன். கீழ்மூலை ரெண்டிலையும் மேல்மூலை ஒண்டிலையும் ஒண்டுமில்லை. மிச்ச மூலையிலை சந்தனப் பொட்டு. பொங்கலுக்கும் ஆயுத பூசைக்கும் சுதன் தன்ரை தொட்டிக்குப் பொட்டு வைக்கிறவன். வருசா வருசம் மேலை மேலை வைச்சுத் தடிச்சுக் காய்ஞ்சு போய் இருக்கு, நடுவிலை குங்குமம். செத்தவீட்டுக்குப் பிறகு ஆரும் அதிலை கை வைக்கேல்லை. உள்ளுக்காலை பாப்பமெண்டால் மூலை முழுக்கக் கண்ணாடி ஒட்டுற கறுத்தச் சிலிக்கன் பசை.

பிளேட்டை எடுத்து, கொஞ்சம் சுரண்டட்டோ அக்கா எண்டு கேட்டன்.

"வேண்டாம் தம்பி. அவன் வைச்சது. இனி ஆர் வைக்கிறது?"

நான் பிளேட்டைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டன். சுரண்டாமலும் பாக்கலாம். இதைப் பிள்ளையள் கவனமாய்க் கேளுங்கோ. லப்டொப் திரையிலை வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறக்க வேணும். திரையைக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் பிடிச்சு, மற்றப் பக்கத்திலை நிண்டு போலரைஸ்ட் கூலிங்கிளாஸாலை, கூசுற வெளிச்சத்தை மறிக்கிற வகை, அதாலை பாக்க வேணும். சாதாரணக் கண்ணாடி எண்டால் ஒண்டும் இராது. டெம்பர் எண்டால் திட்டுத் திட்டாய் நிழல் தெரியும். தொட்டித் தண்ணியைப் பாதிக்கு இறக்கிப்போட்டு, குணத்தை லப்டொப்பை உள்ளுக்கை பிடிக்கச் சொன்னன். குசினிக்குள்ளை நிண்டு பாத்தன். கண்ணாடி முழுக்கக் கறுப்புத் திட்டு. முன்பக்கத்தையும் இப்பிடியே பாத்தன், அது சுத்தம்.

இதைத் துளைக்க ஏலாது, துளைச்சால் குறுணிதான் மிஞ்சும் எண்டு சொன்னன். குணத்துக்கும் என்ரை கூலிங்கிளாஸைக் குடுத்துக் காட்டினன். பக்கக் கண்ணாடியிலை துளைக்கலாம், ஆனால் தொட்டியை வெறுமையாக்கி வெளியிலை இழுக்க நாலு ஆள் வேணும், வாற கிழமை ஆக்களோடை வாறன் எண்டன். அக்கா ஓம் எண்டு தலையாட்டினா. நான் என்ரை கூலிங்கிளாஸைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டன்.

3. சுவிஸ் கூலிங்கிளாஸ்

குணத்துக்கு அந்தக் கிழமைக்குள்ளை பிளேன். தான் போக முதல் அக்காவின்ரை கரைச்சல் தீர வேணும் எண்டு நிண்டார். அது பாசம், நான் பிழை சொல்லேல்லை. நான் போன பிறகு மனிசனுக்குச் சந்தேகம் வந்திட்டுது. இந்தக் கண்ணாடிக்காரக் கிழவனுக்குக் கண் மங்கிப்போச்சோ, தானும் ஏதோ நிழலை மயங்கிப் பாத்தனோ எண்டு. லப்டொப்பைத் திரும்ப எடுத்து அக்காவைப் பிடிக்கச் சொல்லிப்போட்டுத் தன்ரை கூலிங்கிளாஸாலை பாத்திருக்கிறார். சுவிஸிலை வாங்கினது, நல்ல விலை. ஆனால் போலரைஸ்ட் இல்லை. வெறும் நிறக் கண்ணாடி. அதாலை பாத்தால் டெம்பரும் சுத்தமாய்த்தான் இருக்கும்.

"அக்கா, ஒரு நிழலும் இல்லை. வடிவாய்ப் பாத்திட்டன்" எண்டு அவவுக்குச் சொல்லியிருக்கிறார். அக்காவும் நம்பிட்டா. கூடப்பிறந்தவன் கண்ணாலை கண்டதெண்டு சொல்லேக்கை ஆர் நம்பாயினம்?

அடுத்த நாள் டைல் அடிக்கிற ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வந்து ட்ரில் வைச்சாச்சு. மேலைதானே துளை எண்டு மீனை வெளியிலை எடுக்கவும் இல்லை. பாதித் தண்ணியோடை மீன் உள்ளுக்கை நிண்டது.

அக்கா போன் எடுத்துக் கூப்பிட்டு நான் போகேக்கை எல்லாம் முடிஞ்சுது. குசினி முழுக்கத் தண்ணியும் குறுணியும். மீன் ஒரு பேசினுக்குள்ளை கிடந்தது. குறுணிக்குள்ளை விழுந்து துடிச்சதிலை ரெண்டு பக்கமும் கிழிஞ்சு, நான் போக முதலே சீவன் போயிட்டுது. குணம் படலையடியிலை குந்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் எழும்பேல்லை. தன்ரை கூலிங்கிளாஸை மட்டும் நீட்டினார். வாங்கி அவரின்ரை போன் திரைக்கு முன்னாலை பிடிச்சு ஒரு சுத்துச் சுத்தினன். திரை கறுக்கேல்லை. போலரைஸ்ட் எண்டால் ஒரு கட்டத்திலை திரை அப்பிடியே கறுத்துப்போகும். அதை அவருக்குச் சொல்லுறதோ விடுறதோ எண்டு எனக்கு விளங்கேல்லை. சொல்லிப்போட்டன். மனிசன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

பிள்ளையள், கண்ணாடியைச் சோதிக்க முதல் உங்கடை கூலிங்கிளாஸைச் சோதியுங்கோ. டெம்பர் எண்டு கண்டால் வாயாலை சொல்லிப்போட்டு வராதேங்கோ, மார்க்கராலை கண்ணாடியிலை பெரிசாய் எழுதிப்போட்டு வாங்கோ. இவ்வளவுதான் நான் இந்தத் தொழிலிலை கடைசியாய்ப் படிச்சது. படிச்சு என்ன, ஆருக்கு உதவிச்சுது?

அக்கா குசினி வாசலிலை நிண்டா. அழேல்லை. கையிலை ஒரு கண்ணாடித் துண்டு. முழுக்க உதிரேக்கையும் மேல்மூலையிலை சிலிக்கன் பிடிச்சிருந்ததாலை அந்தத் துண்டு மட்டும் குறுணி குறுணியாய் வெடிச்சும் சேந்து நிண்டிருக்கு. அதிலை சந்தனப் பொட்டு அப்பிடியே. குங்குமம் வைச்ச விரல் அழுத்தின பள்ளம் கூடத் தெரியுது.

அண்டைக்குச் சுரண்ட விட்டிருந்தால் முத்திரை தெரிஞ்சிருக்கும், குணமும் நம்பியிருப்பான், என்ன தம்பி எண்டு கேட்டா. முத்திரை இல்லாத டெம்பரும் கனக்க இருக்கு அக்கா எண்டன். அது உண்மை. ஆனால் இதிலை இருந்ததோ இல்லையோ, எனக்கும் தெரியாது.

"என்னைத் தேத்திறதுக்குச் சொல்லாதேங்கோ. இந்தாங்கோ, இப்ப சுரண்டிப் பாருங்கோ. எனக்குத் தெரிய வேணும்."

துண்டை என்ரை கையிலை வைச்சிட்டா. நான் அந்த விரல் பள்ளத்தைப் பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு துண்டை அவவின்ரை கையிலையே திருப்பி வைச்சன்.

"பிளேட் கொண்டுவரேல்லை அக்கா" எண்டன்.

அவ என்ரை சேட்டுப் பொக்கற்றைப் பாத்தவ. பிறகு துண்டைச் சீலைத் தலைப்பிலை சுத்தி உள்ளுக்குக் கொண்டுபோனா.