தலைக்கு அளவு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்று ஒன்று கிடையாது. கோயிலுக்குப் போனாலும் ஏற்றம், கக்கூசுக்குப் போனாலும் இறக்கம். அப்படிப்பட்ட இடத்தில் ரக்பி விளையாட வேண்டும் என்று ஒரு மனிதனுக்குத் தோன்றியது என்றால் அவர் துரையாகத்தான் இருக்க முடியும். எண்பதுகளின் தொடக்கத்தில், வெளிநாட்டில் படித்துவிட்டு எங்கள் தோட்டத்துக்கு மேனேஜராக வந்தவர். வந்த சூட்டோடு தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த சரிவை மண்வெட்டியால் கொஞ்சம் தட்டச் சொல்லி, இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, இதுதான் திடல் என்று சொல்லிவிட்டார்.

பந்தைப் பார்த்ததும் யாரோ அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவன் ஓட வேண்டுமாம். மற்றவர்கள் அவனைக் கட்டிப்பிடித்துக் கீழே தள்ள வேண்டுமாம். இதைத்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் ஆண்கள் சம்பள நாளில் சம்சு குடித்துவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்துவந்தார்கள். பந்து உருண்டு தேயிலைக்குள் போனால் ஆட்டமும் தேயிலைக்குள் போகும். செடியில் ஒரு கிளை முறிந்தால் கங்காணி கத்திக்கொண்டு ஓடி வருவார். மனிதனுக்கு அடிபட்டால் டிரஸ்ஸர் நடந்து வருவார். தோட்டத்து மருந்துக்கூடம் அவர் பொறுப்பில் இருந்தது. டாக்டர் எப்போதாவது வருவார், மற்ற நாளெல்லாம் டிரஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர்.

எங்கள் ஆட்கள் சாதாரண ஆட்டக்காரர்கள் இல்லை, தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்பார் துரை. பயிற்சி நாளில் வேலைக்குப் போகாமலே முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, விழும். முட்டை உண்டு, பால் உண்டு. எல்லாவற்றையும்விடப் பெரிது, மருந்தடிக்கும் கும்பலிலிருந்து பெயரை எடுத்துத் தொழிற்சாலைக்குள் நிழல் வேலை கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் அதற்காகவே போய்ச் சேர்ந்தார். களைக்கொல்லி டப்பாவை முதுகில் சுமந்து சுமந்து அவருக்கு இருமல் நிற்காமல் இருந்தது. ரக்பியில் சேர்ந்த பிறகு இருமல் இல்லாமல் தூங்கினார். நானும் அந்த நசுங்கிய பந்தை மனதுக்குள் கும்பிட்டேன், பொய் சொல்வானேன்.

பிறகு ஒருநாள் துரை ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, ஆட்டக்காரர்களின் தலைக்கு அளவு எடுக்க வேண்டும் என்று டிரஸ்ஸரிடம் சொன்னார். லயம் முழுக்கச் செய்தி பரவியது. தலைக்கு அளவு என்றால் தொப்பிதானே? ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவி, வகிடெடுத்துச் சீவிக்கொண்டு மருந்துக்கூடத்தில் வரிசையில் நின்றார்கள். ஒருவர் தனக்கு நீல நிறம்தான் பிடிக்கும் என்று டிரஸ்ஸரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

டிரஸ்ஸர் நாடாவை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை, மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லு, நான் சொல்லும் ஐந்து வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லு, ஒற்றைக் காலில் நில்லு. ஏன் இதெல்லாம் என்று கேட்டவர்களுக்கு அவரே விளக்கமும் கொடுத்தார்.

"நாளைக்கு தலையில அடிபட்டா இதையேதான் திருப்பிக் கேப்பேன். இப்ப தெரிஞ்சது அப்ப தெரியலன்னா ஒக்கார வச்சிடுவேன். பெறகு வெளையாட்டு கிடையாது."

விளையாட்டு இல்லையென்றால் மறுபடி டப்பா. என் வீட்டுக்காரருக்கு இது உடனே விளங்கியது. திருவிழா நாடகத்தில் தன் வசனம் மட்டுமல்ல, அடுத்தவன் வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர். எதிரே நிற்பவன் மறந்து விழித்தால் வாயைத் திறக்காமலே எடுத்துக்கொடுப்பார். அந்த மனிதர் டிரஸ்ஸர் முன்னால் போய், கிழமை கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். மாதங்களைப் பின்னாலிருந்து கேட்டதற்கு "டிசம்பர்... தீபாவளி..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஐந்து வார்த்தையில் இரண்டைத்தான் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னபோது டிரஸ்ஸர் மேலேயே சாய்ந்தார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"தலையில ஒண்ணும் இல்லன்னு எழுதிக்கிட்டாரு புள்ள. இனிமே இல்லாததுல எதப் போயி எடுப்பாங்க?"

இந்தக் கெட்டிக்காரத்தனம் லயத்தில் ஒளிந்திருக்குமா? மறுநாள் மற்றவர்களும் அதே வழியில் போனார்கள். முதலிலேயே எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லித்தொலைத்த இரண்டு பேர் திரும்பி வந்து, "ஐயா, நேத்து கொஞ்சம் அதிகமா சொல்லிட்டோம், மறுபடி அளவு எடுங்க லா" என்று டிரஸ்ஸரைக் கெஞ்சினார்கள். முடிவைப் பார்த்த துரை, இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பயம் என்பதே இருக்காது என்று மகிழ்ந்துபோனாராம்.

கொஞ்ச நாளில் ரிங்லெட் பக்கத்துத் தோட்டம் ஒன்றோடு ஆட்டம் நடந்தது. என் வீட்டுக்காரர் பந்தோடு விழுந்தார். எவனோ ஒருவனுடைய முழங்கால் அவர் காதுக்கு மேலே இடித்தது. சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. டிரஸ்ஸர் நடந்து வந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்து, எழுப்பி உட்காரவைத்து, அதே கேள்விகளைக் கேட்டார். கிழமை தெரியவில்லை. டிசம்பர், தீபாவளி. ஐந்தில் இரண்டு. ஒற்றைக் காலில் நிற்கவைத்தால் சாய்ந்தார்.

"அளவு அப்படியே இருக்கு," என்று டிரஸ்ஸர் துரையைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கூட்டாளிகள் விசிலடித்தார்கள். என்ன நடிப்பு, என்ன நடிப்பு! மிச்ச ஆட்டத்தையும் ஆடினார்.

ஆட்டம் முடிந்து என் வீட்டுக்காரர் போன வீடு எங்கள் வீடு இல்லை. லயத்தில் எல்லாக் கதவும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுக்குள் போய்ப் பலகையில் உட்கார்ந்து காப்பி கேட்டிருக்கிறார். லயமே விழுந்து விழுந்து சிரித்தது. நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சோறு போட்டேன். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் 'ங்க' போட்டுப் பேசாதவர். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய்ச் சொன்னால், "ஒரே அடியில மரியாதை வந்துருச்சா? ஒனக்கு அதிர்ஷ்டம் லா. எங்க வீட்டு ஆளையும் அனுப்பி வைக்கிறேன்," என்கிறாள். அந்த வாரம் முழுக்க அவர் என்னை நீங்க, வாங்க என்றே பேசினார். குழம்பு நன்றாக இருக்கிறது என்றார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். வெளிச்சத்தைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோப்பை ஆட்டம். இன்னொரு அடி விழுந்தால் இந்த மனிதர் எழுந்திருக்கவே மாட்டார் என்று எனக்குப் பயமாக இருந்தது.

மருந்துக்கூடத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். துரையும் அங்கேதான் இருந்தார். நான் எதையும் மறைக்கவில்லை.

"ஐயா, அன்னைக்கு அளவு எடுத்தப்ப இவரு பொய்யா சொன்னாருங்க. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே நடிச்சாரு. இப்பதான் நெஜமாவே ஒண்ணும் தெரியல."

டிரஸ்ஸர் அவர் பக்கம் திரும்பினார். "ஏன்யா, நடிச்சியா?"

அவர் என்னைப் பார்த்தார். பயந்துபோய், மரியாதையாகக் கேட்டார்: "நான் நடிச்சேனாங்க?"

மேடையில் நடிக்கும்போது அவருக்கு இடது புருவம் தானாக ஏறும். அன்று ஏறவில்லை. டிரஸ்ஸர் மாதங்களைக் கேட்டார். டிசம்பர், தீபாவளி என்றார், கஷ்டப்பட்டு யோசித்து. அவர் நடித்தது அவருக்கே மறந்துபோய், நடிப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. நான் துரை இருக்கிறார் என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதேன்.

டிரஸ்ஸரும் நல்ல மனிதர்தான். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு லோரியை எடுக்கச் சொன்னார். "ஆனா அளவு சரியா இருக்கே!" என்று துரை சொன்னது லோரி கிளம்பும் வரைக்கும் கேட்டது.

தாப்பா ரோட்டின் வளைவுகளில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இறங்கியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. தாப்பாவிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். மூளை வீங்கியிருக்கிறது, நல்லவேளை கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். பல வாரம் அங்கேயே கிடந்தார். வீட்டுக்கு வந்த பிறகும் பேச்சு மெதுவாகத்தான் திரும்பியது. ஒருநாள் காலையில் குளிக்கப் போனவர், "ஏய், சுடுதண்ணி எங்க? காதுல விழுதா இல்லையா?" என்று கத்தினார். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். கட்டின புருஷன் திட்டியதற்குச் சாமிக்குச் சூடம் ஏற்றியவள் எங்கள் தோட்டத்திலேயே நான் ஒருத்திதான்.

அதோடு விட்டிருக்கலாம். டிரஸ்ஸர் மறுபடி அளவு எடுத்தார். இந்த முறை என் வீட்டுக்காரர் கிழமையைச் சொன்னார். மாதங்களைப் பின்னாலிருந்து மூச்சுவிடாமல் சொன்னார். ஐந்துக்கு ஐந்து வார்த்தை. ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றார். பழைய அளவையும் புது அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த துரைக்கு ஒரு பெரிய உண்மை புலப்பட்டது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் என் வீட்டுக்காரரை முன்னால் நிறுத்தி, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டி முதுகில் தட்டினார். பிறகு இங்கிலீசில் நீளமாகப் பேசினார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அதை எங்களுக்குத் தமிழில் சுருக்கிச் சொன்னார்.

"ரக்பி வெளையாடுனா மூளை வளருமாம். இவரே சாட்சியாம். சேர விரும்புறவங்க பேரு கொடுக்கலாம்."

கைதட்டினார்கள். எட்டுப் பேர் அங்கேயே பெயர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"முன்ன நான் அவ்ளோ மக்காவா இருந்தேன்?"

"இல்லீங்க. நீங்க நடிச்சீங்க. இதே எடத்துல ஒக்காந்து சிரிச்சீங்க."

"சும்மா சொல்லாத லா. தொரைக்கும் டிரஸ்ஸருக்கும் தெரியாதது ஒனக்குத் தெரியுமா?"

ஞாபகம் எல்லாம் திரும்பி வந்தது, முதல் அளவு எடுத்த அந்த ஒரு நாள் மட்டும் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்ஸைத் தேடினார், மறுபடி ஆடுவதற்கு. அது கொல்லைப்புறத்தில் சுடுதண்ணி அடுப்புக்குள் எரிந்துகொண்டிருந்தது. நான்தான் வைத்தேன். நாற்றம் லயம் முழுக்க வீசியது. என்னைத் திட்டினார், நான் வாசலை விட்டு நகரவில்லை. மறுநாள் பெரட்டில் அவர் பெயரை மருந்தடிக்கும் கும்பலில் வாசித்தார்கள். டப்பாவை மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்காமல் மலையேறிப் போனார். அன்று பிடித்த இருமல் இன்னும் விடவில்லை.

போன தீபாவளிக்கு மூத்த மகளின் வீட்டுக்காரர் வந்திருந்தார். நான் முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைக்கும்போது, இருமலுக்கு நடுவே அவரிடம் இவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"இன்னும் ரெண்டு அடி மட்டும் பட்டிருந்தா நான் கிராணியாவே ஆயிருப்பேன் மாப்ள. ஒங்க அத்தைதான் விடல."