நன்றாக ஏறிய பச்சை

அந்தக் கருவியை வீட்டுக்குக் கொண்டு வந்ததே என் அவசரக்குடுக்கைத்தனம்தான். வாலாஜாபாத் பக்கம் ஒரு விவசாய ஆய்வுக்கூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை. நெல் நாற்றுக்கு உலோகம் கலந்த தண்ணீர் ஊற்றி, இலை மஞ்சளாகும் முன்பே அது தவிப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் ஒரு இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. இலையில் கிளிப் மாட்டி இருபது நிமிடம் இருட்டாக்கி வைப்போம். பிறகு பளிச்சென்று ஒரு வெளிச்சம். இலை திருப்பி விடும் மினுக்கத்தைக் கருவி எண்ணாகச் சொல்லும். நாற்று அதுபாட்டுக்கு வளரும்.

கை பழகட்டுமே என்று மேலதிகாரியிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வந்தேன். என் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். கொட்டகை வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. அதை ஒட்டிய பாத்தியில் முளைக்கீரை விரல் உயரம் வந்திருந்தது. நான் கிளிப் மாட்டுவதை நாலு வயது மகள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

"அதுக்கு வலிக்குமாம்மா?"

"வலிக்காது கண்ணு. அதுக்குத் தெரியவே தெரியாது."

கணவர் எட்டிப் பார்த்தார். "பச்சை நல்லா ஏறியிருக்குது. இதுக்குப் போயி மிஷின் வெச்சுக்கினு இருக்கிறியே!"

அவர் வாயிலிருந்து வரும் உச்சபட்சப் பாராட்டு அது. சாயம் போட்ட நூலை ஈர வெள்ளைத்துணியால் தேய்ப்பார். துணி வெள்ளையாகவே இருந்தால்தான் 'ஏறியிருக்குது' என்பார். கல்யாணத்தன்று என்னைப் பார்த்துக்கூட அவர் அவ்வளவு தாராளமாக எதுவும் சொல்லவில்லை.

கருவி காட்டிய எண் படுமோசம். என் கைப்பிழை என்று வேறு செடியில் மாட்டினேன். அதுவும் மோசம். ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டு வந்திருந்த நல்ல நாற்றில் மட்டும் எண் சரியாக வந்தது. கிளிப்பைக் கழற்றிவிட்டு மகளைப் பார்த்தேன். மகளுக்கு முதல் சோறு ஊட்டிய காலத்திலிருந்து இந்தப் பாத்திக் கீரைதான். கடைக் கீரையில் மருந்தடிக்கிறார்கள் என்று பீற்றிக்கொண்டு, நானே மசித்து ஊட்டியிருக்கிறேன்.

மேலதிகாரியைப் போனில் பிடித்தேன். "உலோகம்தான்னு கருவி சொல்லாதும்மா. உப்பாவும் இருக்கலாம். மண்ணை அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். மண்ணில் குரோமியம் இருந்தது. சில சாயங்களில் இருக்கும் உலோகம் அது.

"பாத்திக்கு எந்தத் தண்ணிங்க ஊத்துனீங்க?" என்று கணவரிடம் கேட்டேன்.

"கடைசி அலசுத் தண்ணிதான். கண்ணாடியாட்டம் தெளிஞ்சு இருந்துச்சே! கலரு பூரா நூல்ல ஏறிடுச்சு, தண்ணில ஒண்ணும் இல்லன்னு ஊத்தினேன்மா."

தண்ணீர் தெளிந்து வந்தால் சாயக்காரருக்குப் பெருமை. அந்தப் பெருமையைத்தான் கீரைக்கு ஊற்றியிருக்கிறார். எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் ஊட்டியவள் நானாயிற்றே.

பிள்ளைக்கு மாட்ட அப்படி ஒரு கிளிப் கிடையாது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும்போது அவளே கையை நீட்டினாள். "கிளிப்பா? வலிக்காதுல்ல?" ஊசி இறங்கியதும் வீறிட்டு என்னைத்தான் பார்த்தாள்.

முடிவு வரும்வரை நான் மனுஷியாக இல்லை. தூங்குகிறவளின் நகத்தைப் பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன், ஒரு இருமலுக்கு ஓடுவேன். அவர் கீரையை வேரோடு பிடுங்கிப்போட்டுவிட்டு, கொட்டகைப் பக்கமே போகாமல் இருந்தார்.

முடிவு அளவுக்குள்தான் இருந்தது. டாக்டர் முன்னாலேயே வெட்கமில்லாமல் அழுதேன். அவர் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதை வாங்க நீண்ட கணவரின் கையைப் பார்த்தார்.

"உங்களுக்கு ரத்தம் எடுத்தாச்சா?"

"எனக்கு எதுக்கு சார்? இது தொழில் கலரு." கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமா?"

"இருபது இருக்கும்."

கீரை இலையை எண்ணி எண்ணிப் பார்த்த எனக்கு, தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு பிசையும் அந்தக் கை கண்ணில் படவே இல்லை. அவருக்கும் ரத்தம் எடுக்க ஊசிக்காரப் பெண் நரம்பு தேடி, முழங்கை வரை பச்சையாக இருந்த தோலை ஈரப் பஞ்சால் அழுத்தித் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.