ஆறாவது பெயர்

செங்கோடனுக்கு ஞானஸ்நானத்தில் இராயப்பன் என்று பெயர் வைத்து முப்பத்திரண்டு வருஷமாகிறது. வளப்பூர் நாட்டில் இன்றுவரை ஒருத்தர்கூட அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அரை ஏக்கர் மரவள்ளி, மிளகுக்கொடி ஏற்றின சில்வர் ஓக் மரங்கள் கொஞ்சம், ஓடு போட்ட ஒரு சின்ன மாதா கோயில், அதற்கு வருகிற பதினோரு குடும்பம். அவர் உலகம் அவ்வளவுதான். அந்தப் பதினோரு குடும்பத்துக்கும் அவர் உபதேசியார். மாதத்தில் ஒரு ஞாயிறு கீழேயிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறெல்லாம் ஜெபம் சொல்வது இவர்.

இவரிடம் ஒரு வித்தை உண்டு. முதல் பாப்பரசர் இராயப்பரில் தொடங்கி, இன்றைக்கு ரோமில் இருப்பவர் வரைக்கும் இருநூற்று அறுபத்தேழு பெயரையும் வரிசை பிசகாமல் சொல்லுவார். இராயப்பர், லீனுஸ், கிளேத்துஸ், கிளமெந்து என்று ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியாது. கேட்கிறவர்கள் நாற்பதாவது பெயரிலேயே கொட்டாவி விடுவார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்.

இந்தப் பித்து எங்கே பிடித்தது என்று சொல்லியாக வேண்டும். இவர் அப்பா ஊர்க்கவுண்டர், ஊருக்குத் தலைவர். அப்பனுக்குப் பின் மூத்த மகனுக்கு வரவேண்டிய பட்டம். அப்பா போனதும் பங்காளி வெள்ளியங்கிரி குறுக்கே வந்தார். ஊர் வழக்கப்படி, நோம்பித் திருவிழா அன்றைக்கு இவரை ஊர்க்கோயில் முன்னால் நிறுத்தி, பட்டம் வந்த வழியைச் சொல்லச் சொன்னார்கள். மேலே ஏழு தலைமுறை. நடுவில் ஒரு பெயர் விட்டாலும் உரிமை போச்சு. செங்கோடன் ஐந்து பெயர் சொன்னார். ஆறாவதில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"ஆறாவது பேரே இல்லீங்க" என்றார் வெள்ளியங்கிரி. "அப்ப ஒத்தைக் கவுண்டருன்னு யாருமே கெடையாது. அண்ணன் தம்பி நாலு பேருஞ் சேர்ந்துதான் ஊரைப் பாத்துக்கிட்டாங்க. பின்னால வந்தவுங்க, ஆதியில இருந்தே நாங்கதான்னு சொல்லிக்கிட்டாங்க."

பெரியவர்கள் இரண்டு பேர் அதற்கு ஆமாம் போட்டார்கள். ஊர் கூடி வெள்ளியங்கிரிக்குப் பட்டம் கட்டியது. ஊர்க்கவுண்டருக்குரிய முதல் வெற்றிலை அவர் கைக்குப் போனதை செங்கோடன் நின்று பார்த்தார்.

அடுத்த வருஷம் மலைக்கு வந்த ஒரு சாமியார், எங்கள் திருச்சபையில் முதல் ஆள் தொட்டு இன்றைய ஆள் வரை ஒரு கண்ணிகூட அறுந்ததில்லை என்றார். செங்கோடன் அன்றே விழுந்துவிட்டார். ஏசுவுக்கு முன்னால் அவருக்குப் பிடித்தது இந்தச் சங்கிலிதான். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மனைவி மாராயி ஒன்றும் பேசாமல் கூட வந்தாள். அவர் முழங்காலிட்ட இடத்தில் முழங்காலிட்டாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை. வேதத்தில் சேருவதற்கு முன்னால் பிறந்து, ஒன்பதாம் நாளே போய்விட்டது. அதைப் பங்காளிகளின் மரவள்ளிக் காட்டோரம் புதைத்திருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு சளியில் படுத்த மாராயி, முப்பது வருஷத்தில் முதல்முறையாக ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, என்னைய நம்ம புள்ளைக்குப் பக்கத்துல வெச்சுப்போடுங்க. வேறொண்ணும் வேண்டாம்."

"அங்க வெச்சா நாம வேதத்துல வந்த வழி அறுந்து போயிரும்" என்றார் இந்த மகராசன். அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் செத்த அன்று வெள்ளியங்கிரியே வந்து, "காடு உங்களுதுந்தாங்க அண்ணா, அண்ணிய அங்கயே கொண்டாங்க" என்று கூப்பிட்டார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் காட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, மாதா கோயில் கல்லறையில் அவளைத் தனியாக வைத்துவிட்டு வந்தார்.

போன மாதம் உபதேசியார்களுக்குக் கீழ்நாட்டில் ஒருநாள் வகுப்பு. பாடம் எடுத்தவர் பிரேம் சாமி. இளவயசு, நிறையப் படித்தவர், நல்ல மனுஷன். ஆதித் திருச்சபையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், ரோமில் முதல் நூறு வருஷம் பாப்பரசர் என்று ஒரே ஆயர் இருந்ததாகத் தெரியவில்லை, மூப்பர்கள் பல பேர் சேர்ந்து நடத்தினார்கள் என்றுதான் பல அறிஞர்கள் சொல்கிறார்கள் என்றார். நமக்குக் கிடைக்கிற முதல் பெயர்வரிசையே இராயப்பர் காலத்துக்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதியது என்றும் சொன்னார்.

செங்கோடன் எழுந்து நின்றார். "சாமி, அப்ப லீனுஸ்?"

"இருந்திருப்பார், உபதேசியாரே. மூப்பர்களில் ஒருத்தராக."

"இராயப்பருங்க?"

"ரோமில் உயிரைக் கொடுத்தார்னு பழைய சாட்சியம் இருக்கு. ஆயரா உக்காந்து அடுத்தவர் கையில பட்டத்தைக் கொடுத்தார்னு அந்தக் காலத்து எழுத்து எதுவும் கிடைக்கலை. இதுல இன்னும் வாதம் ஓயலை. நம்ம விசுவாசம் இதை நம்பியா இருக்கு? உக்காருங்க."

சாமியார் விசுவாசம் அதை நம்பி இருக்கவில்லைதான். மலைக்காரருக்கு அப்படியா? ஒரு பெயர் விட்டால் உரிமை போச்சு என்று ஊர்க்கோயில் வாசலில் படித்த பாடம் அவருடையது. நாலு பேர் சேர்ந்து பார்த்துக்கொண்டார்கள், பின்னால் வந்தவர்கள் பெயர் கட்டிக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி சொன்ன அதே பேச்சு, ரோமிலிருந்து சுற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றது. எழுபது கொண்டை ஊசி வளைவும் பஸ் ஏறி முடிக்கும்வரை அவர் ஒரு பெயரையும் சொல்லவில்லை. மாராயி கேட்டது மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. எது அறுந்துவிடும் என்று அவளை அங்கே தனியாக விட்டாரோ, அது முதலிலேயே அறுந்து கிடந்தது.

மறுநாள் காலையில் வெள்ளியங்கிரியின் காட்டுக்குப் போனார். அந்தப் பக்கம் கால் வைத்து முப்பது வருஷத்துக்கு மேலாயிற்று.

"புள்ளைய வெச்ச எடத்துல ஒரு பிடி மண்ணு வேணும். அவ கல்லறையில கொண்டு போடோணும்" என்றார்.

வெள்ளியங்கிரி மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அங்க ஒரு கல்லு கெடந்துச்சுங்க அண்ணா. அண்ணிதான் வருசா வருசம் வந்து எண்ணெய் தடவிட்டுப் போவும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது.

"அண்ணி போன பொறவு யாரும் வரலீங்க. டிராக்டர் உட்டு ஒழுததுல கல்லு எங்க போச்சோ. வரப்பெல்லாம் மாறிப்போச்சு. எடம் எதுன்னு எனக்குஞ் சரியாத் தெரியலீங்க. அண்ணியத்தான் கேக்கோணும்."

சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். செங்கோடன் மரவள்ளிக்குள் இறங்கி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தார். எல்லா இடமும் ஒன்றுபோலவே செம்மண். குனிந்து ஒரு பிடி அள்ளினார். இதுதானா என்று தெரியாமல் கீழே போட்டார். இன்னொரு இடத்தில் அள்ளி அதையும் போட்டார். கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாய் திறந்தது. இருநூற்று அறுபத்தேழு பெயர் தெரிந்த அந்த வாய்க்கு, ஒன்பது நாள் இருந்த பிள்ளையைக் கூப்பிட ஒரு பெயர் இல்லை. யாரும் வைத்திருக்கவில்லை.

மண் கட்டக் கொண்டுபோன துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கல்லறைக்குப் போகிற ரோட்டில் வெறுங்கையோடு நடந்தார்.