பெடல் போட்டில் எழுந்து நின்றவர்

போன வருடம் கோடை தொடங்கிய சமயம். எங்கள் பைபர் போட்டின் எஞ்சின் மக்கர் பண்ணி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தது. திருவொற்றியூர் கரையில் போட்டை ஏற்றிப் போட்டுவிட்டு, எங்க வீட்டுக்காரர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கடலுக்குப் போகாத மனுஷனை வீட்டில் வைத்துச் சமாளிப்பது எப்படி என்று எங்கள் தெருப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். குழம்பில் உப்பு சரியில்லை, ஃபேன் சத்தம் போடுகிறது, ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கிறது. எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம். இந்த ரகளையைப் பார்த்துத்தான், கம்பெனி வேலைக்குப் போகும் எங்கள் மகள் டிக்கெட் போட்டு, எங்கள் இருவரையும் ஒரு மலை ஊருக்கு அழைத்துப் போனாள்.

அங்கே ஒரு ஏரி. ஏரியின் பெயர் வேண்டாம், நடந்ததில் போட் ஹவுஸ்காரர்கள் மேல் எந்தத் தப்பும் கிடையாது. கரையெல்லாம் மரம், தண்ணீர் அசையாமல் கிடந்தது. மகளுக்குத் தலை சுற்றும், அதனால் அவள் கரையில் நின்று செல்போனில் படம் எடுப்பதாகச் சொல்லி, எங்கள் இருவருக்கும் ஒரு பெடல் போட்டுக்குச் சீட்டு வாங்கினாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நான் பிறந்தது போட்டு வைத்திருந்த வீட்டில், வாழ்க்கைப்பட்டதும் போட்டு வீட்டில். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் போட்டில் வரும் மீனைக் கூடையில் சுமந்து தண்டையார்பேட்டைத் தெருக்களில் விற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒரு நாள்கூடப் போட்டில் கால் வைத்ததில்லை. பெண்கள் ஏறினால் ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. யார் சொன்னது, எப்போது சொன்னது, ஒருவருக்கும் தெரியாது. போட்டு கொண்டு வருகிற மீனை நாங்கள் விற்கலாம், அந்தக் காசில் டீசல் போடலாம், ஏறத்தான் கூடாது. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே கோபம் உண்டு.

பழக்கதோஷத்தில் அவர் அங்கேயும், "நீ கரையில குந்துமே, நான் ஒரு சுத்து சுத்திக்கினு வரேன்" என்றார். நான் மகளிடமிருந்து சீட்டை வாங்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

அடுத்த தகராறு லைஃப் ஜாக்கெட்டில். "கடல்லயே பொறந்து வளந்தவன்யா நானு. இந்தக் குட்டைக்கு இத வேற மாட்டணுமா?" என்று சீட்டு கிழிப்பவரிடம் பாய்ந்தார். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கடல்ல எப்படியோ அண்ணே, இங்க இது இல்லாம போட்டு நகராது" என்று சிரித்துக்கொண்டே மாட்டி, பெல்ட்டையும் இறுக்கிவிட்டார். ஆரஞ்சு நிற ஜாக்கெட்டில் எங்க வீட்டுக்காரர் ஊசி போட வந்த குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரம் ஜாலியாகத்தான் போனோம். கடலில் அலையோடு மல்லுக்கட்டுகிறவருக்குப் பெடல் மிதித்ததும் முட்டி வலித்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெயிலில் கூடையோடு நடந்த கால்களுக்கு அது ஒரு வேலையா என்ன. மனசு அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தது.

ஏரியின் நடுவைத் தாண்டியபோது திடீரென்று காற்று கிளம்பியது. மலைக்காற்று எங்கள் ஊர்க் காற்று மாதிரி ஒரு பக்கமாக வருவதில்லை, மலையில் முட்டித் திரும்பி எல்லாப் பக்கமும் வீசுகிறது. போட் ஹவுஸில் விசில் ஊதி எல்லாரையும் திரும்பச் சொன்னார்கள். எங்கள் போட்டு மட்டும் ஒரே இடத்தில் சுற்றியது. "இரு, காத்து எங்கேர்ந்து வருதுனு பாக்கறேன்" என்று சொல்லி எங்க வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

கடலில் பைபர் போட்டில் நின்றபடியேதான் அவர் காற்றைப் பார்ப்பார், வலை போடுவார், பீடிகூடப் பிடிப்பார். அந்த நினைப்பு. பெடல் போட் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஆள் தண்ணீருக்குள் போய்விட்டார்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கடலை நீந்தி வருகிற ஆள், ஏரியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் அவ்வளவு குளிர். ஒரு காலில் தசை பிடித்துக்கொண்டது, இன்னொரு காலைப் பாசிக்கொடி சுற்றிக்கொண்டது. கைகள் இரண்டும் தண்ணீரை அடித்தன, உடம்பு நகரவில்லை. தலை மட்டும் மேலே நின்றது. அந்த ஜாக்கெட் பிடித்துக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை நான் முழுதாக நினைத்துப் பார்த்ததில்லை.

ஆள் விழுந்ததும் போட்டு லேசாகி, காற்று என்னை அவரிடமிருந்து தள்ளிக்கொண்டு போனது. எனக்கு நீச்சல் தெரியாது. கத்தி அழுவதால் பிரயோஜனம் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. நடுவில் இருந்த கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு மிதித்தேன்.

"யோவ், கைய ஆட்டிக்கினே இரு. வந்துக்கினே கீறேன்."

"நேரா வராதமே. காத்துக்கு மேல போயி, அப்பால மெதுவா எறங்கி வா."

உயிர் போகிற நேரத்திலும் அவர் காற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னபடியே காற்று வரும் பக்கமாக ஏறிப் போய், காற்று தள்ளத் தள்ள அவர் பக்கம் வந்து சேர்ந்தேன். போட்டின் பின்விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மேலே ஏற்ற முயன்றால் நானும் கவிழ்வேன். அதனால் அவரை அப்படியே இழுத்துக்கொண்டு கரையை நோக்கி மிதித்தேன். தொடை எரிந்தது, நிறுத்தவில்லை. வேறொரு போட்டைக் கரை சேர்த்துவிட்டு வந்த மோட்டார் படகு எங்களை எட்டியபோது, பாதி தூரத்துக்கு மேல் நானே கொண்டு வந்திருந்தேன்.

கரையில் மகள் அழுதாள். அவர் போர்வைக்குள் நடுங்கியபடி டீ குடித்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "ஊர்ல எவன்கிட்டயும் சொல்லாதமே."

நான் சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் ஒன்று கேட்டேன், இனிமேல் கடலுக்கும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போகும்படி. எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, எப்போதோ கிடைத்தது. மத்தியானத் தூக்கத்துக்கு அவர் அதைத் தலைக்கு வைத்துக்கொள்வார். "தோஸ்துங்க சிரிப்பானுங்க" என்றார். கெஞ்சினேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்தேன். அசையவில்லை.

எஞ்சின் சரியாகி வந்தது. சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கப் போட்டைத் தண்ணீரில் தள்ளினார்கள். நான் எப்போதும்போலக் கரையில் நின்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, அத்தனை பேர் எதிரில் கையை நீட்டினார்.

"ஏறுமே."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன். ஆனாலும் ஏறவில்லை.

"உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ரெண்டு ஜாக்கெட்டும் வரட்டும், ஏறுறேன்."

கரையே சிரித்தது. "இன்னா மாமு, அண்ணி ஆர்டர் போட்டுக்குது, நிக்கிற?" என்றான் பக்கத்துப் போட்டுக்காரன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அவன் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்.

"சிரிக்காதடா. மலைல நான் தண்ணில வுழுந்துட்டேன். இவதான் என்னை இட்டாந்தா."

யாரிடமும் சொல்லாதே என்றவர், தானே சொல்லிவிட்டார். சிரிப்பு நின்றது. வீட்டுக்குப் போய்த் தலைக்கு வைக்கும் ஜாக்கெட்டை எடுத்து வந்தார். பக்கத்துப் போட்டுக்காரன் தன் எஞ்சினை மூடி வைத்திருந்த ஜாக்கெட்டை உதறிக் கொடுத்தான். இருவரும் போட்டுக்கொண்டோம், நான் ஏறினேன். கடலிலிருந்து பார்த்தபோது எங்கள் கரையும் அலைத்தடுப்புக் கற்களும், நான் தினமும் நின்று காத்திருக்கும் இடமும் கையளவாகத் தெரிந்தன. "வர்றப்ப உன் பொடவ கலருதான் மொதல்ல கண்ணுக்குப் படும்" என்றார் எஞ்சினைப் பார்த்தபடி. இத்தனை வருடத்தில் அவர் அதைச் சொன்னதே இல்லை.

கடலுக்குப் போனவர் திரும்பி வருவார் என்று சாமியை மட்டும் நம்பி நின்ற அதே கரையில் இன்றும் நான் நிற்கிறேன், ஆனால் தூரத்தில் அவர் இப்போது தினமும் மாட்டிக்கொண்டு போகும் ஜாக்கெட்டின் ஆரஞ்சுப் புள்ளி கண்ணில் பட்டதுமே நிம்மதியாகக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்கிறேன்.