அக்காவுக்குச் சொல்லாத பொய்

தியான வகுப்பில் அவருக்கு வைத்த பெயர் ‘சந்தேகம்’. வெளியே அவர் லிஃப்ட் மெக்கானிக். வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே எழுந்து நின்று, “போன பிறவின்னு சொல்றீங்களே சார், அது இருந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டார். கூடம் சிரித்தது. அன்றிலிருந்து அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “சந்தேகம் வந்தாச்சு, இனி ஆரம்பிக்கலாம்” என்பார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளதைத்தானே சொல்கிறார்கள்.

ஞானம் தேடி அவர் அங்கே போகவில்லை. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில், கூட வேலை பார்த்தவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தபோது, மேலே யாரோ மின்சாரத்தைப் போட்டுவிட்டார்கள். லிஃப்ட் இறங்கியது. இவர் குனிந்து பிடித்தும், கைக்குக் கிடைத்தது சட்டைக் காலர் மட்டும்தான்; ஆள் பிழைக்கவில்லை. அதன்பிறகு குழியை எட்டிப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கும், கால் மரத்துப்போகும். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர்தான், “புத்தர் வழியில மூச்சுப் பயிற்சி சொல்லித் தர்றாங்க, போய்ப் பாருங்க” என்று அனுப்பி வைத்தார்.

தனியாகப் போகக் கூச்சமாக இருந்தது. அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டார். அம்மா போன பிறகு அவரை வளர்த்து ஆளாக்கியவள் அவள். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை. கணவன் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள், அவளும் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தாள்.

“நீ கூப்பிட்டா வர்றேன். ஆனா நான் கண்ண மூடினா தூங்கிடுவேன். குறட்ட விட்டா எழுப்பு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

துணைக்கு வந்தவள் முன்னால் போய்விட்டாள். அவருக்கு அந்த வகுப்பில் பிடிபட்டது மூச்சு ஒன்றுதான். மூச்சு வருகிறது, போகிறது. பயம் வருகிறது, கொஞ்சநேரம் இருக்கிறது, போகிறது. இதைத் தன் உடம்பிலேயே பார்க்க முடிந்தது. பார்க்க முடியாத எதையும் அவர் தொடவில்லை. சிலை முன்னால் எல்லோரும் குனியும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். “கும்பிடுறவங்க கும்பிடட்டும். எனக்கு மூச்சு போதும்” என்பார். சில மாதங்களில் மறுபடி குழிக்குள் இறங்கி வேலை பார்த்தார். அவரைப் பொறுத்தவரை கொடுத்த வாக்கை வகுப்பு காப்பாற்றிவிட்டது.

அக்காவுக்கு அது வேறு ஒன்றைக் கொடுத்தது. ஆசிரியர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிராத குரல்காரர். ஒருநாள் அவர் சொன்னார்: உடம்பு நின்றாலும் மன ஓட்டம் நிற்பதில்லை, கடைசி மூச்சில் மனம் தெளிவாக இருந்தால் அடுத்த பிறவி நல்லபடி அமையும். பஸ்ஸில் திரும்பும்போது அக்கா ஜன்னலைப் பார்த்தபடி, “அப்ப உன் மாமா எங்கயோ இருக்காரு” என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. இதில் என்ன வழக்காடுவது என்று வாயை மூடிக்கொண்டார்.

பிறகு அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. கண்டுபிடிக்கும்போதே எலும்புக்குப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வலி தெரியாமலிருக்க மார்ஃபின் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மாத்திரை தீர்ந்துகொண்டே வந்தது; வலி மட்டும் குறையவில்லை. நூல் டப்பாவின் அடியில் அத்தனை மாத்திரையும் கிடந்ததை மகள்தான் பார்த்தாள். உடனே தாய்மாமனான அவருக்குப் போன் போட்டாள்.

“ஏன்க்கா இப்படிப் பண்ற?”

“போட்டா மயக்கமா இருக்குடா. அந்த நேரத்துல நான் மயங்கிக் கிடந்தா என்ன ஆகும்?”

“எந்த நேரத்துல?”

“தெரியாத மாதிரி கேக்காத. இது பழைய வினை. இங்கயே அனுபவிச்சுத் தீத்துட்டா அங்க சுமக்க வேணாம்.”

“நீ யாருக்கு என்ன கெடுதல் பண்ண? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சட்ட தச்சுக் குடுத்த.”

“இந்தப் பிறவியில இல்லடா” என்றாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. அடுத்த வலி வந்ததும் தலையணை உறையைக் கடித்துக்கொண்டாள்.

அவர் நேராக ஆசிரியர் வீட்டுக்குப் போனார். கேட்டதும் ஆசிரியருக்கு முகம் செத்துவிட்டது. “மருந்து வேணாம்னு நான் சொன்னதே இல்லீங்க.”

“நீங்க சொல்லல சார். ஆனா அவ காதுல விழுந்தது அதுதான். நீங்களே வந்து சொல்லுங்க.”

ஆசிரியர் மறுக்காமல் வந்தார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, “மருந்து சாப்பிடுங்கம்மா. அதுல ஒரு தப்பும் இல்ல” என்றார். அக்கா அந்த வலியிலும் சிரித்தாள். “சோதிச்சுப் பாக்குறீங்க. எனக்குத் தெரியும் சார்.” அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லச் சொல்ல அவளுக்கு உறுதி கூடியது.

படிக்கட்டில் இறங்கும்போது ஆசிரியர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “கடைசி மூச்சப் பத்தி எனக்கு என்ன தெரியும்? எனக்குச் சொல்லித் தந்தவர் சொன்னாரு, நானும் சொன்னேன்.” இத்தனை நாள் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. மெக்கானிக்குக்குக் கொஞ்சமும் சந்தோஷமில்லை.

மறுநாள் மதியம் அவர் அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். “சரி, வாதாட வேணாம். வகுப்புல செய்ற மாதிரி செய்வோம். வலியப் பாரு. என்ன தெரியுதோ அத மட்டும் சொல்லு.”

கண்ணை மூடினாள். “இடுப்புல எரியுது. எலும்ப யாரோ திருகுறாங்க.”

“அதுல பழைய வினை தெரியுதா?”

“இல்ல.”

“வேற என்ன தெரியுது?”

“முடியல” என்றாள். “முடியலடா.”

அவர் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினார். அவள் வாயைத் திறந்தாள்.

அதன்பிறகு தூங்கினாள். நாலு வாய் சாப்பிட்டாள். மகள் தலை வாரிவிடும்போது, தான் வேலை பார்த்த கடை முதலாளியைப் போலப் பேசிக் காட்டி அவளைச் சிரிக்க வைத்தாள். ஆனால் ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் கண்ணில் பயம் இருந்தது. “நான் தோத்துட்டேனா?” என்று கேட்பாள். இல்லை இல்லை என்பார்கள் இருவரும்.

ஒரு சாயங்காலம் மகளும் பக்கத்தில் இருக்கும்போது தம்பியின் கையைப் பிடித்துக் கேட்டாள்: “நீ பொய் சொல்ல மாட்ட. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நல்லபடியாப் போய்ச் சேருவேனா? உன் மாமா இருக்கிற இடத்துக்கு?”

ஆமாம் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. தன்னை வளர்த்தவளை ஏமாற்ற நாக்கு எழவில்லை.

“எனக்குத் தெரியாதுக்கா.”

அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சில நாளில் ஒரு முற்பகலில் தூக்கத்திலேயே போய்விட்டாள். அந்தக் கடைசி மூச்சில் மனம் தெளிவாக இருந்ததா கலங்கி இருந்ததா என்று அருகிலிருந்த யாருக்கும் தெரியவில்லை.

வந்தவர்கள் எல்லாம் போன பிறகு மகள் கேட்டாள். “ஒரு ‘ஆமா’ சொல்லியிருக்கலாம்ல மாமா?”

“அவ நம்பியிருக்க மாட்டாம்மா. என் மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பா.”

“நம்புறதும் நம்பாததும் அவங்க பாடு. சொல்றது உங்க கையில இருந்துச்சு.”

அவள் நெடுநாள் அவரோடு பேசவில்லை.

வகுப்புக்கு அவர் போவதை நிறுத்தவில்லை. ஆசிரியர் இப்போதெல்லாம் மறுபிறவி பற்றிச் சொல்ல நேர்ந்தால், “இது நான் கேட்டது, பாத்தது இல்ல” என்று சேர்த்துச் சொல்கிறார். அது பிடிக்காமல் சிலர் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். மெக்கானிக் சுவரோரம் உட்கார்ந்து மூச்சைப் பார்க்கிறார். குழியின் பயம் வந்து போனது போல, சுவர்ப் பக்கம் திரும்பிய அந்த முகம் போகவில்லை. வருகிறது, இருக்கிறது. “எதுவும் நிலைக்காது” என்று ஆசிரியர் சொல்லும்போது கையைத் தூக்கலாமா என்று தோன்றும். தூக்குவதில்லை. இதுவும் போகுமோ என்னவோ, அவருக்குத் தெரியாது.

மகள் வீடு மாறியபோது சாமான் ஏற்ற ஆள் போதவில்லை என்று அவரைக் கூப்பிட்டாள். எல்லாம் ஏற்றி முடித்து, காலியான அறையில் இருவரும் வியர்வை துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

“மாமா, மருந்து குடுத்தது சரிதான்” என்றாள் அவள். “இன்னொண்ணு எனக்கு இன்னும் ஆறல.”

“எனக்கும்தான்” என்றார் அவர்.